சவரிமுத்துவுக்காக நான் சொன்ன ‘ஆஜர்’

இன்று விழுப்புரம் கஜானாவுக்குப் போயிருந்தேன். சண்டையில் அடிபட்டு பென்ஷன் வாங்கும் எங்களைப் போன்றவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை நேரில் போய், உயிரோடுதான் இருக்கிறோம் என்று காட்ட வேண்டும். தெரிந்தவர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும்.

எனக்குப் பக்கத்து ஊரான பிரம்மதேசத்துச் சவரிமுத்து சாட்சி, அவனுக்கு நான். பர்மாவில் ஒரே கூடாரத்தில் கிடந்தவர்கள். குண்டுச் சத்தத்தில் அவனுக்குக் காது போய்விட்டது. அதனால் அவன் பெயரைக் கூப்பிட்டால் நான்தான் பதில் சொல்வேன்.

இன்றும் குமாஸ்தா, “சவரிமுத்து” என்றார்.

“ஆஜர்” என்றேன்.

“எங்க அவரு?”

“போன மாசம் தவறிட்டாருங்க.”

“பின்ன ஏன் ஆஜர்னீங்க?”

“பழக்கங்க.”

அவர் நோட்டில் அந்தப் பெயரை அடித்தார்.

“சரி, உங்களத் தெரிஞ்சவங்க யாருன்னா வந்துக்கிறாங்களா?”

“என்னத் தெரிஞ்சவரு அவருதாங்க.”

“நாளைக்கு ஒருத்தர இட்டுக்கினு வாங்க. மூஞ்சி தெரிஞ்சா மட்டும் பத்தாது, பேரும் தெரிஞ்சிருக்கணும்.”

திண்டிவனம் பஸ்ஸில் திரும்பும்போது ஒவ்வொரு வீடாக யோசித்துப் பார்த்தேன். எங்கள் தெருவில் எல்லோருக்கும் நான் ‘மிலிட்டரி’தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டவன் சவரிமுத்து ஒருவனே.

நாளைக் காலை முதல் பஸ்ஸுக்கு நிற்பேன். நான் உயிரோடு இருப்பதாக யாருக்காவது தோன்றினால் என்கூட வரலாம். பெயரைப் போகிற வழியில் சொல்லித் தருகிறேன்.