பாயசத்துக்கு ஆள் உண்டு

திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் இருபது கட்டில் போட்ட ஒரு முதியோர் இல்லத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஊர்க்காரர்கள் கொடுப்பதில்தான் அது நடக்கிறது. கொடுப்பது பெரும்பாலும் சாப்பாடு. அப்பா திதி, பேரன் பிறந்தநாள் என்று எது வந்தாலும் வடை பாயசம். சாப்பாட்டுக்கூடத்துக் கரும்பலகையில் 'இன்றைய மதிய உணவு இன்னார் நினைவாக' என்று எழுதிவிட வேண்டும். தை அமாவாசைக்கு மூன்று குடும்பங்கள் போட்டி போட்டன. இங்கே பாதிப் பேருக்குச் சர்க்கரை. பாயச வாளியோடு நான் மல்லுக்கு நின்றேன்.

படுக்கையோடு இருக்கும் ஆறு பேரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, டயப்பர் மாற்ற ஒரே ஒரு பெண். நாற்று பறித்துப் பழகிய கை. அவ்வளவு பதமாகத் தொடுவாள். அவளைக் கும்பகோணத்தில் ஒரு ஆஸ்பத்திரி கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டது.

"மாசக் கடைசி வரைக்கும் இருக்கேங்கக்கா. புள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்ல" என்றாள்.

அவள் போனால் ஆறு பேருக்கும் படுக்கைப்புண் வந்துவிடும். சாப்பாடு போட வந்தவர்களிடம் அவள் சம்பளத்தைக் கூட்டித் தரப் பணம் கேட்டுப் பார்த்தேன். "சம்பளத்துக்கா? நாங்க சாப்பாடு போடத்தாங்க வந்தோம்" என்றார்கள். எரிச்சலில் இன்னொரு பலகை வாங்கி, 'இந்த மாதம் இவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பது இன்னார் நினைவாக' என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டுப் படுக்கை அறை வாசலில் மாட்டினேன். மூன்று வாரம் அந்த இடம் காலியாகவே கிடந்தது.

மாமியார் திதிக்குச் சாப்பாடு போடத் தஞ்சாவூரிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். பாயசக் கரண்டியோடு அந்த வாசலில் நின்றவர், நம் பெண் ஒரு பாட்டியைத் திருப்பிப் படுக்க வைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது.

"எங்க மாமியாருக்கு இப்படிச் செய்ய ஆளே கிடைக்கலைங்க. முதுகெல்லாம் புண்ணு" என்றார். ஆஸ்பத்திரி தருவதாகச் சொன்ன கூடுதல் பணத்தை வருடம் முழுவதும் தானே தருவதாகச் சொல்லி, பலகையில் மாமியார் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பசங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல. எனக்கும் இங்க ஒரு கட்டில் சொல்லி வைக்கலாமா?"

காத்திருப்போர் நோட்டில் அவர் பெயரை எழுதினேன். எட்டிப் பார்த்த நம் பெண் சிரித்தாள்.

"இந்த நோட்டுல முதல் பேரே உங்க பேராச்சேக்கா! அப்ப இப்பவே உடம்பைக் குறைங்க. உங்களைப் புரட்ட நான் ஒருத்தி போதாது."