ஆண்டிச்சாமி வடித்த சகதி

எழுமலைப் பக்கம் கரம்பை வெட்டிப் பிழைத்தவர் ஆண்டிச்சாமி. கண்மாயின் அடிமண்ணை வண்டி வண்டியாக அள்ளி ஊரார் வயலுக்கெல்லாம் கொட்டியவருக்குச் சொந்தமாக அரை ஏக்கர் வாய்த்ததே நாற்பத்தெட்டாவது வயதில்தான். அதில் முதல் கரம்பையைக் கொட்டிய அன்று கூட வந்தவர்களுக்கெல்லாம் கறிச்சோறு போட்டாராம். அவர் மனைவி தங்கப்பொண்ணு இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் ஆராய்ச்சியும் அதே சேற்றில்தான். கொசுவைப் போலவே இருந்தும் கடிக்காத ஒரு பூச்சி உண்டு. அதன் புழு கண்மாய்ச் சேற்றில் வளரும். செத்த பிறகும் தலை ஓடு மக்காது. வருடா வருடம் படியும் வண்டலில் எந்த ஆழத்தில் எந்த வகைத் தலை கிடக்கிறது என்று பார்த்தால், தண்ணீர் எப்போது நன்றாக இருந்தது, எப்போது கெட்டது என்று சொல்லிவிடலாம்.

"கொசுத்தலை எண்ணவா மேடம் இம்புட்டுப் படிச்சீக?" என்று விழுந்து விழுந்து சிரித்தார் ஆண்டிச்சாமி. அப்படிச் சிரித்தவர்தான் முழங்கால் தண்ணீரில் இறங்கி, நெஞ்சுயரக் குழாயைச் சேற்றில் அழுத்தி, மண் கலையாமல் தூக்கிக் கொடுத்தார். மூடி போடும் வேலையை அவரிடம் விட்டுவிட்டு நான் வண்டி பிடிக்கப் போனேன். புத்தி கெட்டது எனக்குத்தான்.

ஞாயிறு மத்தியானம் ஆய்வகத்தில் குழாயைத் திறந்தால், மேலேயே கெட்டி மண். கடைசி முப்பது வருடங்களைச் சொல்லும் இளஞ்சேற்றைக் காணோம். போன் போட்டேன்.

"அந்தச் சகதியவா கேக்குறீக? வடிச்சு விட்டேன் மேடம். சகதியோட கரம்பை ஏத்துனா வாங்குறவுக வைவாக. ஒங்களுக்கு நல்ல மண்ணாப் போகட்டும்னுதான்..."

"மூணு வருச வேலைய நாசமாக்கிட்டீங்க! நாளைக்குக் கண்மாயத் தூர்வார மெஷின் எறங்குது, அப்புறம் அங்க என்ன மிஞ்சும்? ஒங்கள நம்பி விட்டேன் பாருங்க!"

போனை வைத்த பிறகுதான் என் வாய் எனக்கே கசந்தது. அப்பா வயதுக்காரர். திரும்பக் கூப்பிட ரோஷம் விடவில்லை. மாற்றுக் குழாய் ஒன்று அவர் வீட்டில் கிடப்பதுகூட நினைவுக்கு வரவில்லை.

திங்கள் காலை, கோரிப்பாளையத்தில் எங்கள் ஆய்வக வாசலில் ஆண்டிச்சாமி நின்றார். நெஞ்சோடு அணைத்த குழாய் நிமிர்ந்திருந்தது.

"நேத்து பொழுது சாய நானும் தங்கப்பொண்ணும் எறங்கி எடுத்தோம் மேடம். ராவெல்லாம் தூணோட கட்டி நிப்பாட்டி வச்சு, மொத பஸ்ஸுல வாரேன். கண்டக்டர் படுக்க வைக்கச் சொன்னாரு. மாட்டேன்னுட்டேன். உக்காந்தா குலுங்குது. அதான் நின்னுக்கிட்டே வந்தேன்."

குழாயை வாங்கிக்கொண்ட பிறகும் அவர் முழங்கைகள் மடங்கியபடியே இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஐயா, நேத்து வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சிருங்க."

"அது கெடக்கட்டும். மொதல்ல தொறந்து பாருங்க. சகதி கலங்காம வந்திருக்கா?"

திறந்தேன். மேலே நாலு விரல் தண்ணீர் தெளிந்து நின்றது. அதற்கடியில் கருஞ்சேறு கலையாமல் இருந்தது. அவரும் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.