தோளில் போட்ட வாடாமல்லி

சாலைக் கடைத்தெருவின் ஜவுளிக்கடை ஒன்றில், ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால், அத்தை வாடாமல்லி நிறப் பட்டுப்புடவையை இடது தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். உள்ளே அவள் உடுத்தியிருப்பது வெளிறிய சாம்பல் நிற வாயில் புடவை. அதன் மேல் அந்த நிறம் விழுந்ததும் அவள் முகத்துக்கே ஒரு விளக்கு ஏற்றியது போலிருக்கிறது. மடிப்பை விரலால் நீவி, ஜரிகைக் கரை வெளியே தெரியும்படி திருப்பி, எதிரே பாயில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து, "கொள்ளாமா, நல்லா இருக்கா?" என்று கேட்கிறாள். அத்தையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். இந்த ஓணத்துக்கு முன்புவரை அது சந்தோஷமான ஞாபகம். இப்போது நினைத்தால் முகம் காந்துகிறது.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணமாகிச் சில வருடங்களிலேயே மாமா இறந்துபோக, நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாநில எல்லை தாண்டி எங்களோடு வந்துவிட்டாள். அப்பா தனக்குத் தெரிந்த கடையில் புடவைப் பிரிவில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். அவள் வெள்ளைதான் உடுக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. அந்தக் காலமெல்லாம் போய்விட்டது என்று பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்வோம். ஆனால் அவளுக்கென்று எடுக்கும் துணி சாம்பல், சந்தனம், வெளிர்நீலம் இவற்றைத் தாண்டியதே இல்லை. அவளும் கேட்டதில்லை. எவரும் விதிக்காத, எல்லோருக்கும் தெரிந்த விதி அது.

அப்படி ஒரு வீட்டில் உடைமீது பித்துக்கொண்டவளாக அவள் ஒருத்திதான் இருந்தாள். ஓணத்துக்குக் கசவுப் புடவையின் பொன்கரை எத்தனை விரல் அகலம், அதற்கு எந்த நிறத்தில் பிளவுஸ், தீபாவளிக்கு இங்கேயுள்ள நம் தமிழ் ஆட்கள் எதைக் கேட்பார்கள், கிறிஸ்துமஸுக்கு மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு எந்த வெள்ளை பிடிக்கும் என்பதெல்லாம் மற்றவர்களுக்குச் சீசன் வந்தபின் தெரியும். அவளுக்கு முன்பே தெரியும். "இந்த ஓணத்துக்குக் கிளிப்பச்சை பிளவுஸாக்கும், கேட்டியா. மஞ்ச இட்டா போன வருஷத்து ஆளுன்னு சிரிப்பாவ" என்று அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டே அறிவிப்பாள். பழைய புடவையைக் கழிக்க நினைப்பவர்களிடம், "தூரப் போடாதீங்க அக்கா. நிறம் ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வரும்" என்பாள்.

புடவைப் பிரிவில் வேலை செய்யும் பெண்கள் தங்கள் தோளிலேயே போட்டுக் காட்டுவது வழக்கம். காலையிலிருந்து யார் தோளில் ஏறியும் விலைபோகாத புடவை அத்தையின் தோளில் ஏறினால் போய்விடும் என்று முதலாளியே சொல்வாராம். பகலெல்லாம் அத்தனை நிறங்களையும் போட்டுக் கழற்றிவிட்டுச் சாம்பல் நிறத்தில் வீடு திரும்புவாள். அம்மா வாசலிலேயே கேலி செய்வாள்: "இன்னைக்கு எத்தனை கல்யாணத்துக்கு உடுத்தே?"

"அஞ்சாறு முகூர்த்தம் ஆச்சு மதினி. சாப்பாடுதான் ஒரு எடத்துலயும் போடல்லை" என்பாள் அத்தை.

ஒரு தீபாவளிக்கு முன்னால் அம்மா என்னையும் அந்தக் கடைக்குக் கூட்டிப்போனாள். எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்மணி ஒருவர் தன் மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருந்தார். அம்மா அவருக்குத் துணை. அத்தை எதையெதையோ காட்டி, கடைசியில் அந்த வாடாமல்லியைத் தோளில் போட்டாள். அந்த அம்மாளுக்குக் கண் எடுக்க முடியவில்லை. புடவை அவர் மடிக்கு வந்தது. பேச்சு நீண்டுகொண்டே போக, சலித்துப்போன நான் முந்தானைக் குஞ்சத்தின் இழைகளைச் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டேன். அப்போதுதான் அம்மா வாயை விட்டாள்.

"இது நம்ம நாத்தனாராக்கும்."

"அப்படியா! வீட்டுக்காரர் என்ன செய்யாவ?"

"அவரு போயி நாலஞ்சு வருஷம் ஆச்சு, பாவம்."

அந்த அம்மாளின் கை புடவையிலிருந்து தானாக விலகியது. அத்தையைப் பார்க்காமல், அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "இது வேண்டாம். யாரும் தோள்ல போடாததா ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க. கல்யாணக் காரியமில்லா."

அத்தையின் சிரிப்பு மாறவில்லை. "அதுக்கென்ன அக்கா, இதே நிறத்துல பிரிக்காதது உள்ள இருக்கு" என்று, புடவையைப் பழைய மடிப்பிலேயே மடித்து எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்ட வாடாமல்லி. அந்த அம்மாள் நிம்மதியாக வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உறைக்குள் குஞ்சத்தில் என் முடிச்சு அப்படியே இருந்தது. நான் அத்தையைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டாள்.

அத்தையின் வேலை முடியும்வரை இருந்து அவளோடு வீட்டுக்கு நடக்கும்போது, மூடிய கடை ஒன்றின் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. ஏன் அதையே கொடுத்தாய் என்று கேட்டேன். "தெருவுல பாத்திருக்கேனே, அந்த நிறம்தான் மக்ளே அந்தப் பிள்ளைக்கு எடுக்கும். அந்த அம்மை பயந்ததுக்காக, பிள்ளை வேற நிறம் உடுக்கணுமா?" என்றாள். அந்தப் பெண் இன்றும் நன்றாக இருக்கிறாள். கணவனும் பிள்ளைகளுமாக, கோயில் திருவிழாவில் பார்த்தால் வாய் நிறையச் சிரிப்பாள். அந்த வயதிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. விதவையின் தோள் பட்ட புடவையை உடுத்தியவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கண்ணால் கண்ட சாட்சி அது. நான் படித்தவளும்கூட.

அத்தை போய்ச் சில வருடங்களாகின்றன. போன மழைக்காலத்தில் என் கணவரும் போனார். காரியங்கள் முடிந்து மீண்டும் அலுவலகம் போகத் தொடங்கியபோது, அலமாரியிலிருந்து நான் எடுத்தது வெளிர்நீலம். மறுநாள் சந்தனம். யாரும் சொல்லவில்லை. மகள் கேட்டபோது, துவைக்கச் சுலபம் என்றேன். இந்த ஓணத்துக்கு அலுவலகத்தில் எங்கள் பிரிவின் பெண்கள் எல்லோரும் கசவுப் புடவைக்குச் சிவப்பு பிளவுஸ் என்று பேசிவைத்தார்கள். அன்றைக்கு நான் தலைவலி என்று விடுப்பு எடுத்தேன்.

என் மகள் கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். உடை விஷயத்தில் அவள் அத்தையின் வாரிசு. ஃபோன் முழுக்க அடுத்த சீசனின் படங்கள். அவளுக்கு இந்த ஆவணியில் நிச்சயதார்த்தம். எனக்கோ அவர் போனதிலிருந்து எல்லாவற்றுக்கும் பயம். அவள் பஸ் கொஞ்சம் தாமதித்தால் பயம், மாப்பிள்ளை ஒருநாள் கூப்பிடவில்லையென்றால் பயம், தேதி குறித்த பிறகு பல்லி சத்தமிட்டால்கூட.

புடவை எடுக்கச் சாலைக் கடைத்தெருவுக்கே போனோம். அத்தையின் கடை இப்போது இல்லை, அதே வரிசையில் வேறொரு கடை. விற்பனைப் பெண் எடுத்துப் போட்ட குவியலிலிருந்து என் மகள் ஒன்றை உருவினாள். வாடாமல்லி. "அம்மா, இந்த வருஷம் இதாணு டிரெண்ட்" என்றாள். தன் மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு, "தூரத்துல இருந்து பாக்கணும். நீ ஒருக்க தோள்ல போட்டுக் காட்டு. நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே நிறம் அல்லே?" என்று சட்டென்று என் தோளில் போட்டுவிட்டு, பின்னால் நகர்ந்து ஃபோனை உயர்த்தினாள்.

தேள் விழுந்ததுபோல் அதை உதறினேன். புடவை பாயில் சரிந்தது. "என் தோள்ல போடாதே! இது வேண்டாம். வேற எடுக்கச் சொல்லு, யாரும் போடாதது" என்றேன். கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். விற்பனைப் பெண் பொட்டில்லாத என் நெற்றியைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள், குனிந்து புடவையை அள்ளினாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் அங்கே இல்லை. ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

மகள் என்னை வெளியே ஆட்டோவில் உட்காரச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் பையோடு வந்தாள். வீட்டுக்கு வந்து ஃபோனை என்னிடம் நீட்டினாள். அவள் எடுத்தது படமல்ல, வீடியோ. அதில் என் முகம் இருந்தது. அந்தக் குடிவந்த அம்மாளின் கை விலகியபோது அவர் முகத்தில் எது இருந்ததோ, அது இருந்தது. அவராவது அடுத்தவளின் தோளுக்குப் பயந்தார்.

"அதே புடவையைத்தான் வாங்கியிருக்கேன்" என்றாள் மகள். "நீ தோள்ல போட்டுக் காட்டித் தந்தா உடுப்பேன். இல்லேன்னா நிச்சயத்துக்கு ஆபீஸ் சுரிதார்ல நிப்பேன். வர்றவங்க என்னவும் சொல்லட்டே." சொன்னதைச் செய்கிறவள் அவள். அன்றிலிருந்து பை என் கட்டிலின் மேல் அப்படியே கிடந்தது. நான் அதைத் தள்ளி வைத்துவிட்டுப் படுப்பேன். இடையில் ஒருநாள், அத்தை அந்தப் புடவையை மாற்றாமல் கொடுத்த கதையை அவளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "அத்தைப்பாட்டிக்கு யாராவது ஒருநாள் கலர் புடவை வாங்கிக் குடுத்தாங்களா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் எல்லோரும் அத்தையிடம் தேர்ந்தெடுக்கச் சொல்லித்தான் எங்களுக்குப் புடவை எடுத்துக்கொண்டோம்.

நேற்று மாலை பையைப் பிரித்தேன். அலமாரிக் கண்ணாடிக்கு முன் நின்று, வெளிர்நீலப் புடவையின் மேல், இடது தோளில் அதைப் போட்டேன். கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன் என் கண் போனது ஜன்னலுக்கு. எதிர்ப் பிளாட்டில் துணி காயப்போடுகிறவள் பார்த்துவிடக் கூடாதே என்று. ஜன்னல் சாத்தியிருந்தது. எப்போது சாத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. அத்தை கடை நடுவே, வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்க, வருடக்கணக்காக நின்றாள். நான் என் வீட்டில், என் மகளுக்காக, கதவடைத்துக்கொண்டு நிற்கிறேன். அந்த வெட்கம் புடவையின் கனத்தைவிட அதிகமாக இருந்தது.

போய் ஜன்னலைத் திறந்தேன். பிறகு மகளைக் கூப்பிட்டேன். அவள் வந்து வாசலிலேயே நின்றாள்.

"கொள்ளாமா?" என்றேன்.

அவள் அருகில் வந்து, என் தோளில் மடிப்பை நீவி, கரையைப் பிடித்துத் திருப்பினாள். "ஜரிகை வெளிய தெரியணும் அம்மா" என்றாள்.