ஆறாவது பம்பின் பலகை

இந்தத் தளத்தில் வழக்கமாகக் கோவில், சாப்பாட்டுக் கடை, கடற்கரை என்றுதான் எழுதுவேன். இந்தத் தடவை ஒரு பீர்க்கடை. முகம் சுளிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படிச் சுளித்தவன்தான். அதனால் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மேலே படியுங்கள்.

மலேசியாவில், ஜொகூர் பாரு பக்கம் ஸ்கூடாயில் என் வீடு. என் தம்பி மணி பதினோரு வருஷமாகச் சிங்கப்பூரில், லிட்டில் இந்தியாவில் ஒரு பப்பில் வேலை பார்க்கிறான். பீப்பாய் பீருக்குப் பேர் போன கடை. அந்தப் பீப்பாய்களைப் பராமரிப்பதுதான் அவன் பொறுப்பு. அம்மா இறந்த அன்று இரண்டு நாட்டையும் சேர்க்கும் பாலத்தில் நாலு மணி நேரம் மாட்டிக்கொண்டு, வேலைச் சட்டையோடு ஓடி வந்தான். சட்டையில் பீர் வாடை. சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், "சாராயத்துல புழங்குற கையி. அம்மாவத் தொடாத" என்றேன். என்ன திமிர் பாருங்கள். அவன் தொடவில்லை. வாய்க்கரிசி போடவில்லை, தோள் கொடுக்கவில்லை. வாசல் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, அம்மாவை எடுத்த பிறகு பஸ் ஏறிப் போய்விட்டான்.

அதோடு பேச்சுவார்த்தை நின்றது. சென்ற மாதம் ஒரு புதன்கிழமை அவனிடமிருந்து கைப்பேசியில் செய்தி வந்தது: "சனிக்கிழம நான் போட்ட பீர மொத தடவயா ஊத்துறோம். முடிஞ்சா வாங்க." பீரைத் தொட்டே பார்க்காத அண்ணனை எதற்குக் கூப்பிடுகிறான் என்று எனக்குப் புரியாமல் இல்லை. நான் மன்னிப்புக் கேட்க அவனே வழி விடுகிறான். பார்த்த உடனே, முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மகன் காரில் ஜொகூர் பாரு எல்லைச் சுங்கத்தில் இறக்கிவிட்டான். பதினாறு கிலோமீட்டர். வார இறுதியில் பதினொரு மணிக்கு மேல் போகாதீர்கள், நாள் அங்கேயே முடிந்துவிடும். குயீன் ஸ்திரீட் போகும் பஸ்ஸுக்கு நான் போன அன்று நாலு ரிங்கிட் எண்பது சென். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்க் கரையில் உட்லண்ட்ஸில் இறங்கி பாஸ்போர்ட் முத்திரை முடித்து மறுபடி ஏறும்போது கேட்பார்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டியே நிரப்பிவிடுங்கள். நான் நிரப்பவில்லை. வரிசையிலிருந்து ஒதுங்கி நின்று, கண்ணாடியை ஏற்றி இறக்கிக் கைப்பேசியில் நிரப்பி முடிக்க இருபது நிமிஷம் போனது.

பஸ் ஓட்டியவர் தமிழர், சிவகங்கைப் பக்கம். முன் இருக்கையில் உட்கார்ந்ததால் பேச்சுக் கொடுத்தார். தம்பியைப் பார்க்கப் போகிறேன், இதுதான் முதல் தடவை என்றேன். தம்பி எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறான் என்று கேட்டார். பதினோரு வருஷம் என்றேன். அதற்குப் பிறகு அவர் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். வீட்டிலிருந்து கடை வாசல் வரை மொத்தம் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை.

குயீன் ஸ்திரீட்டில் இறங்கியபோது மணி ஒன்று பத்து. அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடக்கலாம், கால் மணி நேரம். சிராங்கூன் ரோட்டில் இடித்துக்கொண்டு போகிற கூட்டம். துவாஸ் தொழிலாளர் விடுதிகளிலிருந்து வந்த பிள்ளைகள் பணம் அனுப்பும் கடை வாசலில் வரிசையாக நின்றார்கள். மல்லிகை, சாம்பிராணி, அடுத்த அடியில் மீன் வாடை. பப் ஒரு பக்கச் சந்தில், பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. வெளியே பச்சைச் சாயம், மரக் கதவு. கதவு திறப்பது மாலை நாலு மணிக்கு. முன்னாலேயே வரச் சொல்லியிருந்தான்.

மணி இளைத்திருந்தான். காதோரம் நரை. கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, நான் நீட்டிய முறுக்கு டின்னை என் கையில் படாமல் வாங்கினான். "சாப்ட்டீங்களாண்ணே?" என்றான். முதல் வார்த்தையாகச் சொல்ல நினைத்தது வேறு. "பஸ்ல சரியான ஜாம்" என்றேன்.

கடையைச் சுற்றிக் காட்டினான். பத்து மேசை இருக்கும். முக்கால்வாசி அக்கம்பக்கத்து ஆட்கள்தான் வருவார்களாம், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கமாம். பீர் ஊற்றிக் கொடுக்கிற நீள மேசைக்குப் பின்னால் ஆறு கைப்பம்புகள், ஒவ்வொன்றிலும் பீரின் பெயர் எழுதிய சின்னப் பலகை. ஒரு பீப்பாய் தீர்ந்தாலோ கெட்டாலோ அந்தப் பலகையைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவார்கள்; யாரும் கேட்க வேண்டாம், பார்த்ததும் புரிந்துவிடும். ஆறாவது பம்பில் புதுப் பலகை இருந்தது. இன்றைக்கு நன்றாகப் போனால் அந்தப் பம்பு வருஷம் பூராவும் அவனுடைய பீருக்கு என்று முதலாளி மேடம் சொல்லியிருந்தாராம். நாற்பது லிட்டர், ஒரே ஒரு பீப்பாய். சுக்கும் கருப்பட்டியும் போட்டிருப்பதாகச் சொன்னான். எங்கள் வீட்டில் யார் சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போடுவார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். 

பின்கட்டில் குளிரறை. இந்த பீர் பாட்டில் பீர் மாதிரி செத்த சரக்கு இல்லை, பீப்பாய்க்குள் உயிரோடு இருக்கிறது என்றான். பன்னிரண்டு டிகிரியில் படுக்க வைத்து, மேல் துளையைத் திறந்து, கசடு அடியில் படிய இரண்டு நாள் விட வேண்டும். அதற்கப்புறம் மூன்று நாள்தான் ஆயுள். அவன் பீப்பாய் மரத் தாங்கிக்கு மேல் கிடந்தது. அடியில் ஆப்புகள், பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக. குழந்தையைத் தூங்கப் போட்டவன் மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசினான். அப்போது வாசலில் கண்ணாடிக் குவளைகள் வந்து இறங்கின. "இருங்கண்ணே, வந்துட்றேன். எதையும் தொடாதீங்க. லேசா அசைஞ்சாலும் கலங்கிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் முப்பத்தோரு வருஷம் பாசிர் கூடாங் துறைமுகத்தில் கிடங்கு மேற்பார்வையாளன். சாய்ந்த டிரம் ஒன்று உருண்டு ஓர் ஆளின் பாதத்தை நசுக்கியதைக் கண்ணால் பார்த்தவன். அந்தப் பீப்பாய் முன்பக்கம் சரிந்து நின்றது. முன் ஆப்பு பாதி வெளியே வந்திருந்தது போலத் தெரிந்தது. அவன் சொன்னது காதில் விழாமல் இல்லை. மற்றவர்களுக்குச் சொல்வது, எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. விழுந்தால் தம்பியின் உழைப்பெல்லாம் போய்விடுமே என்று பதறினேன், இதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து முன்பக்கத்தைத் தூக்கி, ஆப்பைக் காலால் உதைத்து உள்ளே தள்ளி, மட்டமாக இறக்கினேன். உள்ளே தளும்புகிற சத்தம் கேட்டது. கையைத் தட்டிக்கொண்டு, வேலை செய்த திருப்தியோடு நின்றேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

மணி வந்து வாசலிலேயே நின்றுவிட்டான். பிறகு ஒரு குவளையை எடுத்துப் பீப்பாயின் குழாயைத் திறந்தான். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வந்தது. விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான். கொட்டினான். மறுபடி பிடித்தான். அப்படியேதான் வந்தது. இரண்டு நாள் விட்டால் மறுபடி படியாதா என்று கேட்டேன். படியும், ஆனால் அதற்குள் நுரையெல்லாம் போய், மூன்று நாள் ஆயுளும் தீர்ந்து செத்துவிடும் என்றான். கத்தியிருந்தால்கூடத் தேவலை. துணியை எடுத்துக் குழாயைத் துடைத்தான்.

நான் மன்னிப்புக் கேட்டேன். நாலைந்து தடவை கேட்டேன். மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த மன்னிப்பு அத்தனையும் அந்தப் பீப்பாய்க்கே செலவாகிவிட்டது. அம்மா விஷயத்துக்கு என்று தனியாக என் வாயில் ஒரு சொல் மிஞ்சவில்லை.

அவன் என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "அன்னிக்கு நீங்க தொடாதன்னீங்க. நான் தொடலண்ணே."

நாலு மணிக்குக் கடை திறந்தது. மேடம் குவளையை ஒரு தடவை பார்த்தார். "நெக்ஸ்ட் டைம் லா, மணி" என்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அடுத்த தடவை எப்போது என்று சொல்லவில்லை. யார் கெடுத்தது என்று மணியும் சொல்லவில்லை. அவனே போய் ஆறாவது பம்பின் பலகையைப் பின்பக்கமாகத் திருப்பினான். இந்த பீருக்காகவே வந்தவர்கள் உள்ளே நுழைந்து, பலகையைப் பார்த்து, அவன் முகத்தைப் பார்த்து, வேறு ஏதோ கேட்டார்கள். எனக்கு ஒரு எலுமிச்சை சோடாவை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது போய் வருகிறேன் என்றேன். "பாத்துப் போங்கண்ணே" என்றான், யாரோ வாடிக்கையாளருக்குச் சொல்கிற மாதிரி. முறுக்கு டின் திறக்காமல் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் என்னை நானே திட்டி முடிக்க பாலத்து நெரிசலே போதவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று செய்தி அனுப்பினேன். மூன்றையும் பார்த்துவிட்டான். பதில் இல்லை. வராது என்றுதான் நினைக்கிறேன். ஒரு மனுஷன் எத்தனை தடவை வழி விடுவான்?

போக விரும்புகிறவர்களுக்குச் சில தகவல்கள். ஒரு பைண்ட், அதாவது ஒரு பெரிய குவளை, பதினேழு சிங்கப்பூர் வெள்ளி, வங்கி அட்டையிலேயே கட்டலாம். ஆறு மணிக்கு மேல் உட்கார இடம் கிடைக்காது. வார இறுதியில் லிட்டில் இந்தியாவின் தெருக்களில் குடிக்கக் கூடாது, குவளையோடு வெளியே வந்து நிற்காதீர்கள். இந்த பீர் ஐஸ் மாதிரி சில்லென்று இருக்காது, அதைச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். குளிரறையைக் காட்டச் சொன்னால் காட்டுவான், நல்ல பிள்ளை. கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

இன்னும் ஒன்று. உள்ளே போனதும் இடப்பக்கத்திலிருந்து எண்ணி ஆறாவது பம்பைப் பாருங்கள். அவனுடைய பலகை முன்பக்கம் திரும்பி இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். என் பெயரை மட்டும் அங்கே சொல்லிவிடாதீர்கள்.