கண்ணாடி மேல் குங்குமம்

அப்பா போன பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வேண்டும். அவளுக்கு வேறு வருமானம் கிடையாது. அப்பாவின் பழைய அலுவலகத்தில் எல்லாக் காகிதங்களையும் ஒரே பி.டி.எஃப்-ஆக அனுப்பச் சொன்னார்கள். இணைக்க, சுருக்க, அழிக்க இலவசத் தளங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. டாக்குரியா பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் ஆரம்பித்தேன்.

கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றும் கேட்டிருந்தார்கள். அப்பா படம் எடுப்பாரே தவிர, படத்தில் நிற்க மாட்டார். இருந்தது ஒன்றே ஒன்று. கல்யாணமாகி, மாற்றலில் வங்காளத்தில் இந்த ஊருக்கு வந்த புதிதில் டாலிகஞ்ச் ஸ்டுடியோவில் எடுத்தது. அதுதான் இப்போது மாலை போட்டுச் சுவரில் இருக்கிறது. அம்மா தினமும் கண்ணாடி மேல் அப்பாவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். கையோடு பக்கத்தில் நிற்கும் தன் நெற்றியிலும் வைப்பாள். பத்தாம் நாள் சடங்கில் அழித்த பிறகு அவள் குங்குமம் வைத்துக்கொள்ளும் இடம் அது ஒன்றுதான்.

மாலையை எடுத்துவிட்டு போனில் படம் பிடித்து, மற்றவற்றோடு இணைத்து அனுப்பினேன். அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஒருவர் வங்காள மொழியில், அண்ணா என்பதுபோல் 'தாதா' போட்டு, மரியாதையாகத்தான் கேட்டார்.

"தாதா, படத்துல ரெண்டு பேருக்குமே சந்தனம் வெச்சிருக்கு. ரெண்டு பேரும் காலமாயிட்டா பென்ஷன் யாருக்கு?"

ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது என் தப்பு. அம்மாவுக்கு வங்காள மொழி நன்றாகத் தெரியும். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

ஈரத்துணியோடு சுவர்ப்பக்கம் போனேன். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"ஒரு தடவை அழிச்சாச்சு. போறாதாடா?"

படத்தை வெளியே எடுக்கவும் வழியில்லை. இந்த ஊர் ஈரத்தில் அது கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. இழுத்தால் முகமே உரிந்து வந்துவிடும். கடைசியில் ஒரு தளத்தில் படத்தை ஏற்றி, அதன் அழிப்பானை எடுத்தேன். அப்பா நெற்றியில் தேய்த்தேன், சுத்தமாகப் போயிற்று. அம்மா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"நகரு. அன்னிக்கு யார் யாரோ அழிச்சா. இன்னிக்கு நானே அழிச்சுக்கறேன்."

எப்படி என்று காட்டினேன். ஒற்றை விரலால் மெதுவாகத் தேய்த்தாள். கண்ணாடி மேல் இருந்த குங்குமம் போயிற்று. அடியில், புதுப்பெண்ணாக அவள் அன்று இட்டுக்கொண்டு போன பொட்டும் சேர்ந்து போயிற்று. எது எந்தப் பொட்டு என்று அந்தத் தளத்துக்குத் தெரியுமா என்ன? இடத்தைத் தோல் நிறத்தால் பூசி மூடிவிட்டது. திரையில் இருபது வயசுப் பெண் பாழ்நெற்றியோடு, உயிரோடிருக்கும் புருஷனை ஒட்டிக்கொண்டு சிரித்தாள்.

"இரும்மா, திரும்பக் கொண்டுவந்துடலாம்" என்று கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் திரையை விட்டு நகரவில்லை.

"வேண்டாம், அனுப்பிடு. இந்த நெத்தியைப் பார்த்தாவது நான்தான் உசிரோட இருக்கேன்னு நம்புவா."

அனுப்பினேன். மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள்.