தகடு திறக்குது மாமா

போன வாரம் மகன் வீட்டுச் சமையலறையில் புகைபோக்கி மாட்ட வந்தவர், "ஐயா, பால்கனிப் பக்கம் தகடு திறக்குதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். பார்த்தேன்; திறந்திருந்தது. "திறக்குதுப்பா" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன். இதே வார்த்தையைப் பத்து வயதில், பெங்களூர் மர்பி டவுனில், பொய்யாகச் சொன்னவன் நான்.

எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரே ஒரு ஜன்னல். விறகுப் புகையில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சமைப்பாள். அவள் தம்பி, என் மாமா, ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். வேலையை விட்டுவிட்டுச் சொந்தக் கடை வைக்க அவருக்கு ஆசை. குடும்பத்தில் மூத்த ஆண் என் அப்பாதான் என்பதால் அவரிடம் சம்மதம் கேட்டார்.

"முதல்ல உங்க அக்கா வீட்டுப் புகைய வெளிய அனுப்பு மச்சான். அப்புறம் கடையப் பாக்கலாம்" என்றார் அப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா சுவரை இடித்து எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தினார். ஃபேன் ஓடினால் வெளிப்பக்கத் தகடுகள் தாமே திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும்.

"ஜன்னல மட்டும் மூடிராதக்கா. ஒரு பக்கம் காத்து வந்தாத்தான் இன்னொரு பக்கம் புகை போவும்."

புகை ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்பாவுக்கே கேலி பேச எதுவும் கிடைக்கவில்லை.

ஆனால் புகையோடு கருவாட்டு வாசனையும் போனது, நேராக அடுத்த வீட்டு ஜன்னலுக்கு. அங்கே உட்கார்ந்து படிப்பவன் என் வகுப்புத் தோழன். மறுநாள் பள்ளியில் எல்லோர் முன்னாலும் நோட்டை மோந்து, "நேத்து உங்க வீட்ல கருவாடாடா? என் ஹிஸ்டரி நோட்டுகூட நாறுது" என்றான். வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டது.

அன்று மாலை இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சந்தில் நுழைந்தேன். என் அளவு உடம்புதான் அதில் நுழையும். இரு சுவரிலும் காலை ஊன்றி ஏறி, தகடுகளைக் கம்பியால் இறுகக் கட்டினேன்.

அதன்பின் ஃபேன் உறுமியதே தவிர, புகை நகரவில்லை. மாமா மூன்று ஞாயிறு மோட்டாரைப் பிரித்துப் பிரித்து மாட்டினார்.

"டேய், சந்துல போய்ப் பாரு. தகடு திறக்குதா?"

"திறக்குது மாமா!"

அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "நல்லாத்தான் பாடுது மச்சான். கடைக்குப் பேரு வெச்சாச்சா?" நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

நான்காவது ஞாயிறு மாமா ஃபேனைச் சட்டத்தோடு உள்ளே இழுத்தார். கம்பியைப் பார்த்தார். சுவர் ஓட்டை வழியாக அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கம்பியை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாசலிலிருந்த அப்பாவுக்குக் கேட்கும்படி, "ஒயர நான்தான் மாத்திக் குடுத்திருக்கேன்!" என்றார்.

"இது தெரியறதுக்கு ஒரு மாசமா? நீ ஃபேக்டரியிலேயே இரு சாமி."

ஓய்வு பெறும்வரை மாமா அங்கேதான் இருந்தார். கடைப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அவர் சாகும்வரை நானும் உண்மையைச் சொல்லவில்லை.

கம்பியை அவிழ்த்த அன்றே அவர் ஒரு தகரக் குழாயை வளைத்து, என்னையே சந்துக்குள் அனுப்பி, புகை அடுத்த வீட்டு ஜன்னலைத் தாண்டிக் கூரைக்கு மேலே போகும்படி மாட்ட வைத்தார்.

"இது எதுக்கு மாமா?"

"மழைத் தண்ணி உள்ள வந்துரும்ல, அதுக்கு."

அப்பாடா, கம்பி கட்டியது யாரென்று தெரியாமல் மாமா ஏமாந்துவிட்டார் என்று குதித்துக்கொண்டு விளையாடப் போனேன். இரண்டு வீட்டுக் கூரையும் மேலே ஏறக்குறைய ஒட்டியிருந்ததால், அந்தச் சந்தில் மழையே விழாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.