காவலன் எந்தப் பக்கம் நடந்தான்

தொடரின் கடைசி வாரத்தில் காவலனைப் பேச வைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் முழுக்கப் பேசினான். நிலா என்றான், உயிர் என்றான், ஏழு பிறவி என்றான், கூச்சமே இல்லாமல். எனக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. அந்த ஒரு பக்கத்தை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எழுதியவர் இன்று எதிரே வந்து உட்கார்ந்தாலும் சொல்வேன்: ஐயா, அது உங்கள் காவலன் இல்லை. அவனுக்கு அவ்வளவு வாய் கிடையாது. ஒன்றரை வருஷம் அவனோடு ரயிலில் போய் வந்தவள் நான், எனக்குத் தெரியும்.

அறுபதுகளின் நடுவில், ரேஷன் அரிசிக்கு வரிசை நின்ற காலத்தில், வார இதழ் ஒன்றில் அந்த மாயாஜாலத் தொடர் வந்துகொண்டிருந்தது. ஓர் இளவரசியின் நிழலை மந்திரவாதி ஒருவன் திருடிக்கொண்டு போய்விடுகிறான். நிழல் இல்லாத உடம்பை வெயில் எரிக்கும். நிழலை மீட்க அவள் உப்புப் பாலையைக் கடந்து போக வேண்டும், துணைக்கு ஒரு காவலன். வாரத்துக்கு நாலு பக்கம். அதில் காவலன் பேசுவது ஒரு வரி. சில வாரம் அதுவும் இல்லை.

நான் கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்குப் படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ரயிலேறிப் படிக்கப் போன முஸ்லிம் பெண் நான் ஒருத்திதான். காலை வண்டியில் பெண்கள் பெட்டி. என் சிநேகிதிக்கு வீடு மஞ்சக்குப்பத்தில், அவள் அப்பா கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தா. அவள் எனக்கு முந்தைய ஸ்டேஷனான திருப்பாதிரிப்புலியூரில் ஏறிவிடுவாள். இதழை வாங்குகிறவளும் அவள்தான். அதனால் ஒவ்வொரு வாரமும் அவள் என்னைவிட ஒரு ஸ்டேஷன் முன்னால் இருந்தாள். நான் படியில் கால் வைக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"உன் ஆளு இன்னிக்கி ரெண்டு வார்த்தை பேசிட்டான்டி."

"என்னா சொன்னான்?"

"'வழி வலப்புறம்'னான். கொஞ்சிட்டான்னு வெச்சுக்கயேன்."

சிதம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோகிற அக்கா ஒருத்தி கதவோரம் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எழுத்து தெரியாது, காது மட்டும் எங்கள் பக்கம் இருக்கும். ஆலப்பாக்கம் வருவதற்குள் நான் நாலு பக்கத்தையும் உரக்கப் படித்து முடிக்க வேண்டும் என்பது அவள் சட்டம்.

"என்னா பாப்பா, அந்த ஊமப்பய இன்னிக்காவது அந்தப் பொண்ண ஆசையா ஒரு பார்வை பாத்தானா?"

"பாக்கல அக்கா. ஆனா அவனுக்கு ஆசைதான்."

"எப்புடி சொல்ற? எங்க வூட்டுக்காரருங்கூடத்தான் பேச மாட்டாரு. ஆசையா அது? வாய் நெறைய வெத்தல!"

பெட்டியே சிரிக்கும். எனக்குக் கோபம் வரும். சிநேகிதி அந்தக் கோபத்துக்காகவே கிளறிவிடுவாள். அவன் சம்பளத்துக்கு வந்தவன், அரசன் அனுப்பினான், போகிறான், இதில் காதல் எங்கே இருக்கிறது என்பாள். கடைசியில் வடநாட்டு இளவரசன் ஒருவன் குதிரையில் வருவான் பார் என்பாள்.

புதுச்சத்திரம் தாண்டி உப்பங்கழி வெயிலில் பளபளத்த ஒரு காலையில்தான் எனக்கு அது பிடிபட்டது. பழைய இதழ்களைக் கேட்டு வாங்கினேன். ஒரு வாரம் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தேன். காலையில் அவர்கள் நடக்கும் இடங்களில் எல்லாம் காவலன் அவளுக்குக் கிழக்கே இருக்கிறான். மாலையில் மேற்கே. ஆற்றைக் கடக்கும்போதும், ஒட்டகக் கூட்டத்தோடு போகும்போதும், காய்ச்சலில் தள்ளாடும்போதும் அப்படித்தான். உச்சி வேளையில் நின்றுவிடுகிறான், கேடயத்தை அவள் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறான். கை வலித்தது என்று எங்கும் எழுதவில்லை. நிழல் இல்லாதவளுக்கு அவன் தன் நிழலைக் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறான். அவளிடம் சொல்லவில்லை. ஆசிரியர் எங்களிடமும் சொல்லவில்லை.

சிநேகிதியிடம் சொன்னேன். அவள் இதழில் இருந்த படத்தைக் காட்டினாள். "இதுல மேக்கால இருக்கானே, காலையில?"

"படம் போட்டவரு கதையப் படிக்கலடி!"

மீன்கார அக்கா மட்டும் கூடையைச் சரித்து வைத்துவிட்டு, "பாவி, வெயில்ல அவன் தல காஞ்சிருக்குமே" என்றாள். எனக்கு அது போதும்.

அந்த வெறியில்தான் இதழுக்குக் கடிதம் எழுதினேன். கிழக்கு, மேற்கு எல்லாம் வரிசையாக எழுதிவிட்டு, முடிவில் இப்படி ஒரு வரி: 'பேசாதவர்களின் மனம் அருகில் இருப்பவர்களுக்குத் தெரியும், தெரியாவிட்டால் குற்றம் பேசாதவர்கள் மீது அல்ல.' பதினெட்டு வயதில் இந்த மாதிரி வரி எழுதினால் இரண்டு நாள் தரையில் கால் படாது. சிதம்பரம் தபால் நிலையத்தில் சிநேகிதிதான் போட்டாள். மூன்றாம் வாரம் வந்துவிட்டது. கிழக்கையும் மேற்கையும் வெட்டிவிட்டுக் கடைசி வரியை மட்டும் போட்டிருந்தார்கள். கீழே: 'ஒரு வாசகி, கடலூர் முதுநகர்.' என் பெயரையே போட்டிருக்கலாம். தெருவில் யாரும் யோசிக்கக்கூட இல்லை.

அம்மாவின் அண்ணன், என் மாமா, பரங்கிப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அந்தத் துண்டை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். "பொட்டப்புள்ளய ரயிலேத்தி வுட்டா இதான் எழுதும்" என்று அம்மாவிடம் சத்தம் போட்டார். சத்தம் போட்டுவிட்டு, தன் மகனுக்கு என்னைக் கேட்டார். படிப்பு இந்த வருஷத்தோடு போதும் என்றார். எனக்கு பி.ஏ. முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. மாமா வீட்டுக்குள் போய்விட்டால் புத்தகம் என்பதே இல்லை, அது எனக்குத் தெரியும். அவர் மகன், மச்சான், கெட்டவர் இல்லை. கடையில் அளவுகோலோடு நிற்பார். வீட்டுக்கு வந்தால் தண்ணீர் குடிப்பார், போவார். அவர் என்னோடு பேசியதாக எனக்கு ஞாபகம் இருப்பது, "மழை வர்ற மாரி இருக்கு."

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெண்ணைக் கேட்காமல் எங்களில் நிக்காஹ் கிடையாது. கேட்டே ஆக வேண்டும், மார்க்கம் அப்படி. ஆனால் கன்னிப்பெண் வெட்கப்படுவாள், வாய்திறந்து சொல்ல மாட்டாள், அதனால் அவள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம். துறைமுகத்தருகே கயிறும் தாரும் விற்ற என் அப்பா, எங்கள் பேச்சில் அத்தா, எதையும் முறைப்படி செய்கிறவர். நிக்காஹ் நாள்வரை காத்திருக்காமல், பேச்சு நிச்சயமாவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து மாமா வீட்டார் சர்க்கரைத் தட்டும் பூத்தட்டுமாக வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளறையில் நான், அம்மா, மாமி. நடுவே திரை. நான் வரலாற்று நோட்டை மடியில் விரித்து வைத்திருந்தேன். வேண்டுமென்றேதான். அத்தா திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"மச்சானுக்கு உன்னக் கேக்குறாங்க. சம்மதமா?"

நான் பேசவில்லை.

நான் செய்த தப்பு அது. பயத்தால் பேசாமல் இருக்கவில்லை. வெட்கமும் இல்லை. இவர் என் மனசைப் படித்துவிடுவார் என்று நம்பினேன். ஒன்றரை வருஷமாகக் காலையில் பத்தடி முன்னால் நடந்து என்னை ஸ்டேஷன்வரை கொண்டுவிடுகிறவர். மழையில், காய்ச்சலில், அரை வயிற்றோடு நான் ஓடியதைப் பார்த்தவர். இவருக்கு நான் ஏன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்? தலையைக் குனிந்து நோட்டையே பார்த்தேன். இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படி மறுக்க முடியும்?

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நான் நோட்டைப் பார்த்தேன். அத்தாவின் முகம் இளகியது. திரும்பிக் கூடத்தைப் பார்த்துச் சொன்னார்: "புள்ள ஒண்ணும் சொல்லல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று நாலைந்து குரல் சேர்ந்து வந்தது. மாமி என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"அத்தா!"

என் குரல் அவ்வளவு கனமானது என்று எனக்கே அதுவரை தெரியாது. அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். கையைத் தள்ளினேன்.

"எனக்குச் சம்மதம் இல்ல."

கூடத்தில் தட்டு ஒன்று நகர்ந்த சத்தம். பிறகு திரைக்கு அந்தப் பக்கமிருந்து மாமா சிரித்தார். "கேட்டப்ப வாய மூடிக்கிட்டுதானே இருந்த? அதுக்கு என்னா அர்த்தம்னு நீயே எழுதிருக்கியே, இரு, படிக்கிறேன்." பையிலிருந்து காகிதத்தை எடுத்து நிறுத்தி நிறுத்திப் படித்தார். பேசாதவர்களின் மனம் அருகில் இருப்பவர்களுக்குத் தெரியும். "தெரிஞ்சுதான் தட்டோட வந்துருக்கோம். ஜாஸ்தி படிச்ச புள்ளைக்கு இது தெரியலியா?"

ஆண்கள் சிரித்தார்கள். என் வரி என் கழுத்தில் கை வைத்தது. ஆனால் மாமா அரை வரியில் நிறுத்திவிட்டார், மீதியை விட்டுவிட்டார். எனக்கு அதுதான் தெம்பு கொடுத்தது.

"மிச்சத்தையும் படிங்க மாமா. தெரியலன்னா குத்தம் பேசாதவங்க மேல இல்லன்னு போட்டிருக்கு." எழுந்து நின்றேன். திரையைத் தொடவில்லை, அதைக் கிழித்துப் பேசினேன் என்று பிறகு ஊரில் சொன்னார்கள், பொய். "அந்தக் கதையில அவன் பேசலதான். ஆனா எந்தப் பக்கம் நடந்தான்னு நான் ஒவ்வொரு வாரமும் பாத்தேன். நீங்க யாராவது என்னப் பாத்தீங்களா? ஒரு நாளு நான் வண்டியத் தவறவிட்டிருக்கேனா? ஜொரத்தோட போனேன். பெருமழையில ரயில் பாதை அறுத்துக்கிட்டப்ப பஸ்ஸு புடிச்சுப் போனேன். நான் எது மேல ஆசையா இருக்கேன்னு அதுல இல்லியா? அத்தா, நீங்க தெனம் கூடத்தானே வந்தீங்க?"

மாமா ஏதோ ஆரம்பித்தார். அத்தா கையைக் காட்டி நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை, மடியிலிருந்து கீழே விழுந்துகிடந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரையை முழுதாக ஒதுக்கிவிட்டு மாமாவிடம் சொன்னார்:

"கேட்டவன் நான். தப்பா எடுத்துக்கிட்டவனும் நான். புள்ள இல்லங்குது மச்சான். இல்லதான்."

அம்மா அழுதாள். மாமி எழுந்து பூத்தட்டைத் துணியால் மூடினாள். மாமா இரண்டு தலைமுறைக் கணக்கை எடுத்துப் பேச வாயைத் திறந்தபோது, அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த மச்சான் எழுந்து மாமாவிடம், "எழுந்திரிங்க அத்தா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். யாரையும் பார்க்காமல் முதலில் அவர்தான் வாசலைத் தாண்டினார்.

மாமா அதன் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மா ரம்ஜான்வரை என்னோடு பேசவில்லை; சாப்பாட்டுத் தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போவாள். சிதம்பரத்தில் எனக்கு ஆள் இருப்பதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். சிதம்பரத்தில் எனக்கு ஒருவரும் இல்லை. அவர்களுக்கு அதைவிடப் பெரிய ஏமாற்றம் இருந்திருக்க முடியாது. நான் பி.ஏ. முடித்தேன். முதுநகரில் எனக்குப் பின்னால் இன்னும் மூன்று பெண்கள் அந்த வண்டியில் ஏறினார்கள்.

காவலன் பேசிய கடைசி வாரத்தை நான் ஏன் ஏற்கவில்லை, ஆனால் எனக்கு மட்டும் ஏன் அன்று பேச வேண்டியிருந்தது என்று கேட்கலாம். முரண் என்றால் முரண்தான், இருந்துவிட்டுப் போகட்டும். கதைக்குள் இருக்கிறவனுக்கு அவன் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியையும் எழுத ஒருவர் இருக்கிறார். அவன் பேசாமல் இருக்கலாம். எங்கள் அடிகளை யார் எழுதிக்கொண்டிருந்தார்கள்?

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் மச்சானின் தங்கை, என்னை மச்சி என்று கூப்பிடுகிறவள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிரியாணி முடிந்து பெண்கள் கதை பேசும் நேரம். காதருகே சொன்னாள்: "அண்ணனுக்கு உங்க மேல உசுரு மச்சி. அதான் அன்னிக்கி அவரா மொதல்ல எழுந்தாரு, உங்கள யாரும் ஜாஸ்தி பேசிடக் கூடாதுன்னு. உங்களுக்குப் புரியவே இல்லியா? கதையெல்லாம் அப்படிப் பிரிச்சுப் பிரிச்சுப் படிச்சீங்களே?"

இருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகியும் இருக்கலாம். அவளுக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்: உங்க அண்ணன் அந்தக் கூடத்துல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாரு. ஆசை இருந்தா, இந்தப் புள்ள படிக்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். என் வாயப் பொத்தவே வந்தாங்க. நான் சொன்னேனே.